பழைய ஆல்டோ, வெள்ளை பெயின்ட், உப்புத் தண்ணி: வீட்டுலயே எம்புட்டு தூரம் பார்க்கலாம்?

டிஎன்59_பழசு

வணக்கம். வண்டி 2005 ஆல்டோ, ஸ்டாண்டர்டு மாடல், சாலிட் வெள்ளை. நிற்பது திருநகரில் வேப்பமரத்தடியில், மேலே ஷெட் கிடையாது. கழுவுவது போர் தண்ணியில்.

பானெட்டும் மேல்கூரையும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது, விரலால் தேய்த்தால் விரலில் வெள்ளை ஒட்டுகிறது. இடது முன்கதவின் அடி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. கறுப்பு பம்பர் சாம்பலாகிவிட்டது. ஹெட்லைட் மஞ்சள். எஞ்சினில் குறை இல்லை. முழுசா பெயின்ட் அடிக்கிற செலவு இந்த வண்டிக்குக் கட்டாது. எதை வீட்டில் செய்யலாம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

மாசிவீதி_ஸ்பானர்

மினுக்குற வேலையைக் கடைசில வைங்க தம்பி. முதல்ல அந்தக் கதவு.

கதவு அடியில கொப்பளிச்சா துரு வெளியிலருந்து வரல, உள்ளருந்து வருது. கண்ணாடி இறங்குற இடத்துல இருக்குற ரப்பர் பீடிங் வழியா மழைத் தண்ணி கதவுக்குள்ள இறங்குறது சகஜம், எல்லா வண்டியிலயும் இறங்கும். அது வெளிய போக கதவோட அடி மடிப்புல நீளவாக்குல சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. வேப்பம்பூவும் சருகும் புழுதியும் சேர்ந்து அதைக் களிமண்ணு மாதிரி அடைச்சிரும். தண்ணி உள்ளயே நிக்கும். இந்த நிலைமையில வெளியில எம்புட்டு பெயின்ட் அடிச்சாலும் அடுத்த ஐப்பசிக்குத் திரும்பக் கொப்பளிக்கும்.

பழைய சைக்கிள் கம்பி ஒண்ணை எடுத்து முனையை மழுங்கத் தேய்ச்சு, ஒரு இஞ்ச் மடக்கிக்கங்க. கதவைத் திறந்து குனிஞ்சு பார்த்து ஒவ்வொரு ஓட்டையா நோண்டுங்க. அப்புறம் கண்ணாடி பீடிங் மேல ஒரு சொம்பு தண்ணியை மெதுவா ஊத்துங்க. சில விநாடியில அடியில சொட்டணும். சொட்டாம தேங்குச்சுன்னா இன்னும் அடைப்பு இருக்கு. நாலு கதவுக்கும் இதைச் செய்யுங்க, டிக்கிக் கதவையும் விடாதீங்க. வைப்பருக்கு அடியில இருக்குற பள்ளத்துலயும் சருகை அள்ளிப் போடுங்க. அங்க அடைச்சா தண்ணி தேங்கி உள்ளே கால் வைக்கிற இடத்துக்கு வந்துரும்.

கால்மிதி மேட்டைத் தூக்கி அடியில கையை வச்சுப் பாருங்க, ஈரம் தட்டுப்பட்டா கார்ப்பெட்டைக் கிளப்பிக் காய வச்சிட்டுத்தான் மத்த வேலை. ஸ்டெப்னி இருக்குற குழியையும் பேட்டரித் தட்டையும் பார்த்துருங்க. பேட்டரித் தட்டுல வெள்ளையா பூத்திருந்தா அது ஆசிட்டு. சமையல் சோடா கலந்த தண்ணி ஊத்தி நுரை அடங்குற வரைக்கும் கழுவணும்.

ஒத்தக்கடை_பையன்

அண்ணே, அடியில டீசல் அடிச்சு விட்டா துரு பிடிக்காதுன்னு வாட்டர் சர்வீஸ்ல எல்லாம் அடிக்கிறாங்களே? பம்பருக்குத் தேங்காய் எண்ணெய், ஹெட்லைட்டுக்குப் பற்பசை. செலவே இல்ல.

மாசிவீதி_ஸ்பானர்

டீசல் ரெண்டு நாளைக்குப் பளபளன்னு இருக்கும். அப்புறம் ஒத்தக்கடை ரோட்டுப் புழுதி பூரா அதுல வந்து ஒட்டும். அது மட்டுமில்ல, சஸ்பென்ஷன் புஷ், பூட் எல்லாம் ரப்பர். டீசல் பட்டுப் பட்டு ஊறி உப்பிரும். மிச்சத்தை மத்தவங்க சொல்லட்டும்.

பட்டி_பார்க்கிறவர்

கதவு அடிக்கு வர்றேன்.

முதல்ல ஸ்குரூ டிரைவர் முனையால கொப்புளத்தைக் குத்திப் பாருங்க. தகடு தாங்குச்சுன்னா வீட்டு வேலை. உள்ள போயிருச்சுன்னா டிங்கர்கிட்ட கொடுத்துத் தகடு வெட்டி வெல்டு வைக்கணும். ஓட்டை மேல பட்டி வச்சு மூடுறது வண்டியை விக்கிறவன் பண்ற வேலை. கதவுக்கு அடியில நீளமா ஓடுற ரன்னிங் போர்டு ஓட்டையானா அதுல கண்டிப்பா கை வைக்காதீங்க, வண்டியோட பலமே அதுலதான் இருக்கு.

தகடு தாங்குச்சுன்னு வச்சுக்குவோம். 80 நம்பர் உப்புத்தாளால, கொப்புளத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் வரைக்கும் தேய்ச்சு வெள்ளித் தகடைக் கொண்டு வாங்க. அந்த ஒரு இஞ்ச் ஏன்னா, பெயின்ட்டுக்கு அடியில துரு வேர் மாதிரி ஓடியிருக்கும். நல்ல பெயின்ட் முடியுற விளிம்பை 180, அப்புறம் 320 வச்சு சரிவாக்குங்க. விரலால தடவினா படி தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டா மேல என்ன அடிச்சாலும் அந்தக் கோடு தெரியும்.

குழிக்குள்ள கறுப்புப் புள்ளியா கொஞ்சம் துரு எப்படியும் நிக்கும். அதுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர், துருவை மாத்துற மருந்து. பிரஷ்ஷால மெலிசா ஒரு கை, கறுப்பா மாறும். ஒரு நாள் முழுசா விடுங்க. கன்வெர்ட்டரைப் பளபளன்னு இருக்குற தகட்டுல தடவாதீங்க, அங்க மாத்துறதுக்குத் துருவே இல்ல, சும்மா பிசுபிசுன்னு நிக்கும்.

அப்புறம் எபாக்ஸி பிரைமர், ஈரத்தை உள்ள விடாத அடிப்பூச்சு. கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு வேண்டாம், அது ஈரத்தை உள்ள விடும். பட்டி தேவைப்பட்டா இந்த எபாக்ஸிக்கு மேலதான் வைக்கணும். பட்டி ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிக்கும், அதனால அதைத் தண்ணி போட்டுத் தேய்க்கவும் கூடாது. காஞ்ச தாள்தான்.

கலவைதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்ட்னர், அதாவது பட்டியை இறுக வைக்கிற பசை. எடை போட்டா 100 கிராமுக்கு 2 கிராம். மதுரை வெயில்ல நாலு நிமிஷத்துல இறுகிரும், அதனால எலுமிச்சைக்கு மேல ஒரு தடவைக்குக் கலக்காதீங்க. ‘சீக்கிரம் காயட்டும்’னு ஹார்ட்னரைக் கூடப் போட்டா, வெள்ளை வண்டியில அது தனியாத் தெரியும். மிச்ச ஹார்ட்னர் பெயின்ட்டுக்குள்ள ஊறி ஏறி, ஒரு மாசத்துல மஞ்சள் கறையா நிக்கும். தேய்ச்சாலும் போகாது. ஒரு கோட் 2 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது.

டிஎன்59_பழசு

நன்றிங்க. பட்டி காய்ந்த பிறகு? ஸ்பிரே டின் வாங்கி அடித்தால் வெள்ளையோடு வெள்ளை சேருமா?

பெயின்ட்கலவை

வெள்ளையிலயே பத்து வெள்ளை இருக்கு சார். பானெட்டுக்கு அடியில இருக்குற தகட்டுல கலர் கோடு, அதாவது கலரோட குறியீடு, பாருங்க. மாருதி சுப்பீரியர் ஒயிட்டுக்கு 26யு, சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ். ஆனா அந்தக் கோடு வண்டி தொழிற்சாலையிலருந்து வந்த அன்னைக்கு இருந்த கலருக்கு. 20 வருஷ வெயில் தின்ன கலருக்குக் கோடு கிடையாது. அதனால பெட்ரோல் மூடிக் கதவைக் கழட்டி, ஒரு பாதியை பாலிஷ் போட்டுத் தெளிய வச்சுக் கலவைக் கடைக்குக் கொண்டு போங்க. பாலிஷ் போடாம கொண்டு போனா அழுக்குக் கலருக்குத்தான் கலப்பாங்க. அப்புறம் வண்டியை பாலிஷ் போட்டதும் ஒட்டுப் போட்ட மாதிரி நிக்கும். 400 மில்லி டின்ல அடைச்சும் தருவாங்க.

பட்டிக்கு மேல பிரைமர் சர்ஃபேஸர், அதாவது தேய்ச்ச கோட்டை நிரவுற பிரைமர், ரெண்டு கோட். நல்லாக் காஞ்ச பிறகு 600 வாட்டர் பேப்பரால தண்ணியும் ஒரு சொட்டு ஷாம்பூவும் விட்டுத் தேய்ங்க. அவசரப்பட்டு பிரைமர் முழுசா இறுகும் முன்னாடி கலர் அடிச்சா, ஒரு மாசம் கழிச்சு அது அமுங்கி, தேய்ச்ச கோடெல்லாம் மேல தெரியும்.

டின்னைக் குலுக்குறது: உள்ள குண்டு சத்தம் வர ஆரம்பிச்ச பிறகு ரெண்டு நிமிஷம். தூரம் ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் சுமார். கையை நிறுத்தி அழுத்தாதீங்க, ஓட்டத்துல அழுத்தி ஓட்டத்துலயே விடுங்க. முதல் கோட்ல அடியில இருக்குறது தெரியணும், மூடிட்டா கனம் அதிகம்னு அர்த்தம். பத்து நிமிஷ இடைவெளியில மூணு நாலு கோட். கிட்டப் போனா ஒழுகும். தள்ளிப் போனா பெயின்ட் காத்துலயே காஞ்சு, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு உக்காரும்.

இன்னொண்ணு, அதே வாரத்துல டயர் பாலிஷ், டேஷ்போர்டு ஸ்பிரே எதையும் பக்கத்துல அடிக்காதீங்க. சிலிக்கான் ஒரு துளி தகட்டுல பட்டாலும் பெயின்ட் அங்கங்க விலகிக் குழி குழியா நிக்கும், நாங்க மீன்கண்ணுன்னு சொல்லுவோம். அதுக்கு மேல எத்தனை கோட் அடிச்சாலும் மூடாது.

ஒத்தக்கடை_பையன்

எந்த மாசம் அடிக்கலாம்? இப்பவே அடிக்கலாமா?

பெயின்ட்கலவை

ஷெட் இல்லாம அடிக்கிறவங்களுக்குத் தை, மாசி. ஆடியில காத்து புழுதியை அள்ளிட்டு வந்து ஈர பெயின்ட்ல கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில காத்துல ஈரம் ஜாஸ்தி. தின்னர் ஆவியாகும்போது தகடு சில்லுன்னு ஆகி, ஈரம் அதுமேல படிஞ்சு, பால் ஊத்தின மாதிரி வெள்ளை பூக்கும். வெள்ளை வண்டியில கண்ணுக்குத் தெரியாது, ஆனா பளபளப்பு செத்துரும். அக்னி நட்சத்திரத்துல கேட்கவே வேண்டாம். தையிலயும் விடிகாலைப் பனி இருக்கும், 8 மணிக்கு மேல தகடு காஞ்சிருக்கான்னு தொட்டுப் பார்த்து அடிங்க. டின்னை வெயில்ல நிக்குற வண்டிக்குள்ள வச்சிட்டுப் போயிராதீங்க, வெடிக்கும்.

ஹார்ட்னர் கலந்த டூ-கே டின் வாங்குறவங்களுக்கு: அதுல மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கு. துண்டைக் கட்டிக்கிட்டு அடிக்கிறது ஆகாது. ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாட்டின மாஸ்க் வேணும். இல்லைன்னா ஹார்ட்னர் இல்லாத சாதா ஒன்-கே டின்னோட நிறுத்திக்கங்க. ஒன்-கேக்கு ஒரு குறை உண்டு, பெட்ரோல் பட்டா கரையும். கதவு அடிக்கு அது பிரச்சனை இல்ல.

உப்புத்தண்ணி_வில்லாபுரம்

சுண்ணாம்பு பூத்த பானெட்டுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

விரலில் வெள்ளை ஒட்டுகிறது என்றால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) இல்லாத பழைய சாலிட் பெயின்ட். உறுதி செய்ய, ஓரத்தில் துளி காம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) வைத்துக் கறுப்புத் துணியால் தேயுங்கள். துணியில் வண்டிக் கலர் வந்தால் கிளியர் இல்லை. இது நல்ல செய்திதான். செத்தது மேல் தோல் மட்டும், அதை எடுத்தால் அடியில் உயிருள்ள கலர் இருக்கும். சில்வர் போன்ற மெட்டாலிக் வண்டியில் கிளியர் உரிந்து திட்டுத் திட்டாக நின்றால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பாது. அது பெயின்ட் வேலை.

ஆனால் காம்பவுண்டைத் தொடும் முன் கழுவுவதைச் சரி செய்ய வேண்டும். நம் பக்கத்தில் வண்டி மங்குவதற்குப் பாதிக் காரணம் போர் தண்ணி. துளி காயும்போது தண்ணி போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து வட்டமாகத் தங்கிவிடும். வெயிலில் சூடான பானெட்டில் அந்த வட்டம் வெந்து பிடிக்கும். காலை வெயில் ஏறும் முன் கழுவுங்கள், ஒரு பகுதி கழுவியதும் உடனே துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணி, துணியை அலச. துணி தோய்க்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டும் வேண்டாம். முந்தைய வாரம் போட்ட வேக்ஸை அது வழித்துக்கொண்டு போய்விடும்.

கடைசி அலசலுக்கு ஏசி தண்ணி. வீட்டு ஏசியின் வெளிக்குழாயில் ஒரு பக்கெட் வைத்தால் ராத்திரி முழுக்கச் சேரும். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணி, உப்பே இருக்காது. துணியில் வடிகட்டி, மக்கால் மேலிருந்து ஊற்றித் துடைத்தால் திட்டு நிற்காது. ஆர்ஓ மிஷினில் கழிவாக வரும் தண்ணியைச் சிலர் ‘சுத்தமான தண்ணி’ என்று வண்டிக்கு ஊற்றுகிறார்கள். அது நேர் எதிர்: வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே பிடித்த வட்டங்களுக்கு, வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி. நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து உடனே அலசுங்கள். அதற்கும் போகாதது பெயின்ட்டைத் தின்றுவிட்ட வட்டம், அது காம்பவுண்டில்தான் போகும்.

காம்பவுண்ட்: கையால் போதும், ஃபோம் பேட் வைத்து. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். காய விடாமல் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள், டியூப்லைட் பிம்பம் கோடாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பானெட் விளிம்பு, நடு மடிப்புக் கோடு, கதவுக் கைப்பிடியைச் சுற்றி: இங்கெல்லாம் பெயின்ட் மெலிசு. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேயுங்கள். டிரில் மிஷினில் பஃப் மாட்டித் தேய்ப்பது இந்த மடிப்புகளில் பிரைமரைக் காட்டிவிடும், அரை நிமிடம் போதும்.

அதன் மேல் சீலன்ட், அதாவது காப்புப் பூச்சு. கார்னூபா வேக்ஸ் நம் வெயிலில் சீக்கிரம் போய்விடும். சிந்தெட்டிக் சீலன்ட் மூன்று மாதம் தாங்கும். வருடாவருடம் காம்பவுண்ட் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், பெயின்ட் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

வேப்பமரத்தடி

மேலே உள்ளதோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். இருபது வருட வண்டியின் கூரைக்குக் காம்பவுண்டே தேவையில்லை. நல்ல கிளீனர் பாலிஷ் போட்டாலே சுண்ணாம்புத் தோல் போகும். கூரையில் பெயின்ட் ஏற்கெனவே வெயில் தின்று மெலிந்திருக்கும். மென்மையானதில் ஆரம்பித்து, போகவில்லை என்றால்தான் காம்பவுண்ட்.

மரத்தடி வண்டிக்கு: காக்கை எச்சம், வேப்பம்பிசின் இரண்டையும் காய்ந்தபின் நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறித் தானாக வரும். பழைய ஸ்டிக்கருக்கு ஹேர் டிரையர் சூடு, பசைக்கு நீலகிரித் தைலம்.

ஆயுத பூஜைக்கு வெள்ளை வண்டியின் பானெட்டில் குங்குமத்தைக் குழைத்து நேரே வைத்தால் ரோஸ் கறை நிற்கும், சுண்ணாம்பு பூத்த பெயின்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும். வேக்ஸ் போட்ட பிறகு வையுங்கள், அல்லது கண்ணாடியில் வையுங்கள். சந்தனம் காய்ந்ததும் வறண்ட துணியால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தண்ணி ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள்.

மாசிவீதி_ஸ்பானர்

ஹெட்லைட்டுக்கு வர்றேன். பழைய 800 சிலதுல கண்ணாடி லென்ஸ், அது மஞ்சளாகாது, அழுக்குதான். நகத்தால தட்டுனா சத்தத்துலயே தெரிஞ்சிரும். பிளாஸ்டிக்னா மேல இருக்குற யூவி பூச்சு செத்திருக்கு. பற்பசை மேல இருக்குற மங்கலைக் கொஞ்சம் எடுக்கும், பூச்சைத் திருப்பித் தராது. அதனால சீக்கிரமே திரும்ப மஞ்சள். கொசு விரட்டுற க்ரீம் தடவுற வீடியோவைப் பார்த்துட்டுச் செய்யாதீங்க, அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

சுத்தி டேப் ஒட்டிட்டு 800 வாட்டர் பேப்பர்ல தண்ணியோட ஒரே திசையில. பால் மாதிரி மஞ்சளா வடியும். வெள்ளையா வடிய ஆரம்பிச்சா பழைய பூச்சு போயிருச்சு. அடுத்து 1000, குறுக்குவாக்குல. மேல யூவி கிளியர் அடிக்கப் போறீங்கன்னா இதோட நிறுத்துங்க, அந்தச் சொரசொரப்புலதான் கிளியர் பிடிக்கும், தெளிவையும் அதுவே தரும். கிளியர் அடிக்கலைன்னா 1500, 2000, 3000 வரை போய் பாலிஷ் போட்டு, சீலன்ட்டை மாசாமாசம் தடவணும்.

பம்பர்: தேங்காய் எண்ணெய் புழுதியைத்தான் பிடிக்கும், முதல் மழையில போயிரும். பூட் பாலிஷ் அதைவிட மோசம், கறுப்பா வழிஞ்சு வெள்ளை ஃபெண்டர்ல கோடு போடும். நைலான் பிரஷ், ஷாம்பூ வச்சுத் தேய்ச்சுக் காய வச்சு, பிளாஸ்டிக்குக்குத் தடவுற தண்ணி கலந்த டிரிம் டிரெஸ்ஸிங். நிரந்தரமா வேணும்னா பிளாஸ்டிக் டிரிம்முக்குன்னு விக்கிற கறுப்புப் பெயின்ட், அதுக்கு அடியில பிளாஸ்டிக் பிரைமர். பிளாஸ்டிக் பிரைமர் இல்லாம அடிச்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும்.

ஒத்தக்கடை_பையன்

சரிண்ணே, பற்பசையை விட்டுட்டேன். 12 இஞ்ச் ரிம்முக்கு சில்வர் அடிக்கணும். டயரைக் கழட்டணுமா?

பட்டி_பார்க்கிறவர்

வேண்டாம். காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல பழைய சீட்டுக்கட்டைச் சுத்திவரச் செருகுங்க. டேப்பைவிடச் சுத்தமா இருக்கும். நட்டு உக்காருற சரிவுலயும், பின்பக்கம் டிரம்மோட ஒட்டுற முகத்துலயும் பெயின்ட் படக் கூடாது. அங்க பெயின்ட் இருந்தா ஓட ஓட அது நசுங்கி நட்டு லூஸ் ஆகும். மாட்டின பிறகு 50 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்க.

டிஎன்59_பழசு

வரிசை பிடிபட்டது: ஓட்டை அடைப்பு, கதவுத் துரு, பிறகு ஹெட்லைட், பம்பர், கடைசியில் பாலிஷ். ஒரே சந்தேகம். கதவு அடியில் மட்டும் அடித்தால் புதுப் பெயின்ட் முடிகிற இடம் கோடாகத் தெரியாதா?

பெயின்ட்கலவை

டேப்பைத் தட்டையா ஒட்டினா தெரியும். கதவுல குறுக்கே ஒரு மடிப்புக் கோடு அல்லது பீடிங் வருமே, அதுவரைக்கும் 1000 பேப்பரால மங்கலாக்குங்க. மேல் எல்லையில டேப்பை முழுசா ஒட்டாம பாதியை மடிச்சு, பெயின்ட் வர்ற பக்கம் குழாய் மாதிரி உருட்டி விடுங்க. அந்த வளைவுக்குள்ள ஸ்பிரே போய் மெலிஞ்சு மறையும், படி விழாது. ஒரு வாரம் கழிச்சு 2000 பேப்பரும் லேசா காம்பவுண்டும் போட்டா எல்லை காணாமப் போயிரும். வேக்ஸ் மட்டும் ஒரு மாசத்துக்கு அந்த இடத்துல போடாதீங்க, உள்ள தின்னர் இன்னும் வெளிய வரணும்.

பட்டி_பார்க்கிறவர்

கதவைத் திறந்து வச்சு அடிங்க. அடி மடிப்போட உள்பக்கமும் ஒரு கோட் போகணும், ஆனா அந்த ஓட்டைகளைப் பெயின்ட் வச்சு அடைச்சிராதீங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு தீக்குச்சியைச் செருகிட்டு அடிச்சு, ஈரத்துலயே உருவிருங்க. அன்னைக்கு ராத்திரி கதவை முழுசா சாத்தாதீங்க, பீடிங்ல ஒட்டிக்கிட்டு காலையில பெயின்ட்டோட உரிஞ்சு வரும். பேட்டரி இறங்காம இருக்க உள் லைட்டை அணைச்சு வைங்க.